மூன்று அங்குல இடம்

துணியை வெட்டி எடுத்த பிறகு கோட்டின் கனம் கூடியிருந்தது.

டேப்பக்கா அதை இரண்டு கைகளிலும் ஏந்தித் தூக்கிப் பார்த்தாள். மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் தூக்கினாள். இருபத்தாறு வருடமாகத் துணியோடு மாரடிக்கிற கை அது. முழுக்கைச் சட்டைக்கும் அரைக்கைச் சட்டைக்கும் உள்ள எடை வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். கோட்டின் தோள்களில் இருந்த பஞ்சை உருவியாயிற்று. பித்தளைப் பொத்தான் ஆறையும் அறுத்தெடுத்துச் சின்னக் கறுப்புப் பொத்தான் வைத்தாயிற்று. அகலக் கழுத்துப்பட்டியைச் சிறுத்தாயிற்று. இடுப்பில் மூன்று அங்குலம் பிடித்துத் தைத்து, உள்ளே மடிந்த துணியையும் வெட்டித் தள்ளியாயிற்று. நியாயமாகப் பார்த்தால் அது இப்போது லேசாக இருக்க வேண்டும். ஆனால் யாரோ பைக்குள் கல்லை ஒளித்து வைத்த மாதிரி மணிக்கட்டைக் கீழே இழுத்தது. பைகளைத் துழாவினாள். நூல் பிசிறு தவிர ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான் என்று தன் கையையே திட்டிவிட்டு, கோட்டை ஹேங்கரில் மாட்டினாள்.

டேப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்து நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில், பத்துக்கு எட்டு அறைதான் அவளுடைய கடை. ஒரு மிஷின், ஒரு தேய்ப்பு மேசை, மூன்று பலகைக் கண்ணாடி, அதன் முன்னால் ஒரு திரை. புதுத்துணி தைப்பதில்லை. பெரிதைச் சிறிதாக்குவதும் சிறிதைப் பெரிதாக்குவதும்தான் வேலை. அந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: பிடித்துத் தைத்த துணியை வெட்டக் கூடாது. மடித்து உள்ளேயே விட்டுவிட வேண்டும். "உடம்பு நம்ம பேச்சைக் கேக்குமா? நாளைக்குப் பிரிச்சு விட உள்ள இடம் வேணாமா?" என்று எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

அந்தச் சட்டத்தைத் தன் மகளுக்காக உடைத்தாள். பெற்ற பெண் கேட்டால் சட்டமாவது மண்ணாவது.

மகளுக்கு வயது இருபத்திரண்டு. வீட்டில் இன்னும் பாப்பாதான். இரண்டு வயதில் அப்பாவை இழந்த குழந்தையை மிஷினுக்குப் பக்கத்தில் துணிமூட்டை மேல் தூங்க வைத்து, ஒரு கண் தையலிலும் ஒரு கண் அவள் மேலுமாக வளர்த்தாள். வேறு யாரும் இல்லை; அவளுக்கு இவள், இவளுக்கு அவள். இப்போது பாப்பாவுக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் அலுவலகம். அங்கே எல்லோரும் புத்தம் புதிதாக மின்னுகிறார்கள் என்பது பாப்பாவின் குறை. மின்னுவது அவளுக்குப் பிடிக்காது. உடுத்துவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது.

"பழசு ஒண்ணே ஒண்ணு போதும்மா. மத்ததெல்லாம் சும்மா இருக்கணும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கம்மல்கூட வேணாம். பழசுன்னு தெரியவே கூடாது. ஆனா பாக்குறவங்க இன்னொரு தடவை திரும்பிப் பாக்கணும்."

"அதுக்குக் கண்ணை மூடிட்டு நடு ரோட்டுல நட. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"உன்கிட்ட போய் சொன்னேன் பாரு!"

அப்படித் தேடித்தான் தெருக்கோடியில் இருக்கும் பழைய துணிக்கடையில் அந்தக் கோட்டைப் பிடித்தாள். பெண்கள் போடும் கம்பளிக் கோட்டு, சாம்பல் நிறம், உள்ளே பட்டு லைனிங். ஐம்பது அறுபது வருடப் பழசு. டேப்பக்கா அதை மேசையில் விரித்துப் போட்டு, அடுத்த வீட்டுச் சமாச்சாரம் கேட்பவள் மாதிரி ஆவலாக ஆராய்ந்தாள். இடது முழங்கை தேய்ந்து பளபளத்தது. எதிலோ கையை ஊன்றியே உட்கார்ந்திருந்தவள். இடது தோளில், முன்னும் பின்னுமாக, வெளிறிப்போன ஒரு கறை. அதைப் பார்த்ததும் டேப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன கறைன்னு தெரியுதா? பால் குடிச்ச குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டுனா கக்குமே, அது. என் சட்டை ஒண்ணு விடாம நீயும் இதே வேலைதான் பண்ணி வச்சே."

"ச்சீ! போயிடுமா?"

"ஊற வச்சா போகும்."

லைனிங்கைப் பிரித்ததும் இன்னும் கொஞ்சம் கதை தெரிந்தது. பக்கத் தையலை ஒட்டி உள்ளே இன்னொரு வரிசை ஊசித் துளைகள். இந்தக் கோட்டு முதலில் முப்பத்து மூன்று அங்குலமாக இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதைப் பிரித்து முப்பத்தாறாக விட்டிருக்கிறார்கள். வயிறு வைத்தபோது பிரித்திருப்பாள். பிள்ளை பெற்ற பிறகு இறுக்கிக்கொள்ள முடியவில்லை போலும், நம்மைப் போல என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணோடு மனசுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டாள். பாப்பாவுக்கு வேண்டியதும் சரியாக முப்பத்து மூன்று. மிஷினில் வைத்து ஓட்டியபோது ஊசி தானாகவே பழைய துளைகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. கையால் துணியை நகர்த்த வேண்டிய வேலையே இல்லை. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு தையல் அவளுக்கு அமைந்ததில்லை.

ஆனால் கம்பளி தடிமன். தேய்த்த பிறகும் உள்ளே மடிந்த துணி பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. போட்டுப் பார்த்த பாப்பாவின் முகம் தொங்கிப் போயிற்று.

"கயிறு வச்சுத் தைச்ச மாதிரி இருக்கும்மா. உள்ள இருக்கறதை வெட்டிடேன்."

"வெட்டுனா அப்புறம் பெருசாக்க முடியாதுடி."

"நான் என்ன குண்டாகவா போறேன்? ப்ளீஸ்மா."

கத்தரி நாலு முறை ஓடியது. நாலு நீளத் துண்டுகள் தரையில் விழுந்தன. தோள்பட்டை தேய்க்க வைத்திருக்கும் சின்னத் திண்டு பஞ்சு அமுங்கிப் போயிருந்ததால், அவற்றை அதற்குள் திணித்து வாயைத் தைத்தாள். அதற்குப் பிறகுதான் கோட்டைத் தூக்கிப் பார்த்தது.

முதல் இரண்டு வாரம் பாப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலாளரம்மாவே நிறுத்திக் கேட்டாளாம், எங்கே வாங்கினது என்று. காலையில் வெள்ளைச் சட்டைக்கு மேல் அதைப் போட்டு, கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அவள் பேருந்துக்கு நிற்பதைக் கடைக்குள்ளிருந்து பார்க்கையில் டேப்பக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வரிசையில் நிற்பவர்கள் பாப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றார்கள். நெரிசல் நேரத்தில் அப்படி நிற்க மாட்டார்களே என்று தோன்றியது. கோட்டு போட்டால் மரியாதை தானாக வரும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் கறை திரும்பி வந்தது.

ஊற வைத்து, பிரஷ் போட்டு, அடையாளமே இல்லாமல் எடுத்த கறை. அதே இடது தோள், அதே வடிவம். இப்போது வெளிறியும் இல்லை. விரலால் தொட்டாள், ஈரம். முகர்ந்தாள். பழைய துணிக்கு இருக்கும் பூச்சி உருண்டை வாசனை இல்லை. பால் வாசனை. புளித்த, வெதுவெதுப்பான, குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்குமே அந்த வாசனை. அவளுடைய மூக்கு அதை இருபது வருடம் கழித்தும் ஒரு நொடியில் கண்டுகொண்டது. பாப்பாவிடம் கேட்டதற்கு, பேருந்தில் யாராவது கொட்டியிருப்பார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

அதே வாரம்தான் அந்தத் தட்டலும். காலையில் டீ குடிக்கும்போது பாப்பாவின் இடது கை மேசையைத் தட்டியது. தட், தட், தட். ஒரு நிறுத்தம். தட், தட், தட். ஒரு நிறுத்தம். வலது கையால் போனை நகர்த்திக்கொண்டே இருந்தாள். இடது கை என்ன செய்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இதை எங்கே பார்த்தோம் என்று டேப்பக்காவுக்கு மண்டைக்குள் குடைந்தது. கொஞ்ச நேரத்தில் பாப்பா அலுவலகப் பையை எடுத்து இடது தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டியபோது, அந்தக் கை பையைத் தட்டியது. மெதுவாக. பையின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு.

"என்னடி அது, பையைத் தூங்க வைக்கிறே?"

பாப்பா கையைப் பார்த்தாள். சிரித்தாள். கையை இறக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து பாப்பா நேராகக் கடைக்கு வந்தாள். வெளியே வெயில் இன்னும் முழுசாகப் போகவில்லை. மருந்துக்கடையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கோட்டு ரொம்ப டைட்டா இருக்கு. மூச்சு முட்டுது."

"கேண்டீன்ல என்ன திங்கறே?"

"ஒண்ணும் இல்லம்மா. பேண்ட் எல்லாம் அப்படியேதான் இருக்கு."

டேப்பக்கா சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டு, கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தினாள். கோட்டைக் கழற்றச் சொல்லி, சட்டைக்கு மேல் டேப்பைச் சுற்றினாள். முப்பது. தைக்கும்போது இருந்த அதே முப்பது. கோட்டை மேசையில் போட்டு அளந்தாள். முப்பத்து மூன்று. ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். கை முஷ்டியை உள்ளே விட்டுத் திருப்பலாம்.

"போடு பாப்போம்."

பாப்பா போட்டாள். பொத்தான் துளையை எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்றை மாட்டினாள். டேப்பக்கா இடுப்புப் பக்கமாக விரலை உள்ளே விடப் பார்த்தாள். ஒரு விரல் போகவில்லை. லைனிங்குக்கும் சட்டைக்கும் நடுவில் ஏதோ நிறைந்து இருந்தது. கெட்டியாக இல்லை. அழுத்தினால் அமுங்கியது. விட்டால் மெல்ல எழும்பியது.

பொத்தானைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு வெளியே டேப்பை இறுக்கிச் சுற்றிப் பிடித்தாள். கம்பளி தடிமனுக்கு ஒரு அங்குலம் கூடலாம். முப்பத்தொன்று வர வேண்டும்.

முப்பத்தாறு.

டேப்பை உருவித் திருப்பிப் பிடித்து அளந்தாள். முப்பத்தாறு. பிரித்து விட்ட பழைய அளவு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா நில்லு. நல்லா மூச்சு விடு."

பாப்பா மூச்சை இழுத்தாள். டேப் அசையவில்லை. பாப்பா மூச்சை விட்டாள். டேப் டேப்பக்காவின் விரல்களுக்கு நடுவே நழுவி, அரை அங்குலம் விரிந்தது. பாப்பா மறுபடி இழுத்தாள். டேப் தளர்ந்தது. அவள் விட்டபோது அது நிறைந்தது.

மூன்று பலகைக் கண்ணாடியில் மூன்று பாப்பாக்கள் அம்மாவைப் பார்த்துக் கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டேப்பக்கா டேப்பை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். துணி தண்ணீர் பட்டுச் சுருங்கியிருக்கும் என்று வாய்க்கு வந்ததை உளறினாள்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பழைய துணிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். கோட்டு என்றதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"அது ஒரு வீட்டைக் காலி பண்ணப்போ மொத்தமா வந்ததுக்கா. எல்லாம் ஒரே அம்மாவோட துணி. பத்திரமா வச்சிருந்திருக்காங்க பாவம்."

"பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"பிள்ளையா? அந்த வீட்டுல குழந்தையே இருந்ததில்லைன்னாங்களே. தனிக்கட்டை. கடைசி வரைக்கும் ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலி போட்டு, கைப்பிடியில கையை ஊனிக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். தோள்ல எதையோ போட்டுத் தட்டிக்கிட்டே இருப்பாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க. தலகாணியோ என்னவோ."

"கோட்டு போட்டுக்கிட்டா?"

"அது எப்படிக்கா எனக்குத் தெரியும்?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன், கிழிஞ்சு போச்சா? எடுத்துட்டு வாங்க, மாத்தித் தரேன்."

குழந்தையே இல்லாத வீடு. ஆனால் வயிற்றுக்காகப் பிரித்து விட்ட தையல் பொய் சொல்லாது, அவள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் பிரித்து விட்டிருக்கிறாள், காத்திருந்திருக்கிறாள், அப்புறம் என்னவோ நடந்திருக்கிறது. அந்த மூன்று அங்குலத்தை அவள் திரும்பப் பிடிக்கவே இல்லை. அறுபது வருடமாக விட்டு வைத்த இடத்தைத்தான் நான் கத்தரியால் நறுக்கிவிட்டேன் என்று நினைத்தபடி டேப்பக்கா கடைக்குத் திரும்பி நடந்தாள்.

அன்றிலிருந்து அவள் மகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பாப்பா வீட்டுக்கு வந்த பிறகும் கோட்டைக் கழற்றவில்லை. குளிருகிறது என்றாள். சாப்பிடும்போதும் போட்டிருந்தாள். பொத்தான் போடாமல், இரண்டு ஓரத்தையும் கையால் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து டேப்பக்கா பார்த்ததே இல்லை. இடது முழங்கை கைப்பிடியில். கை தோளில். தட், தட், தட்.

"பாப்பா."

பாப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா!"

அந்தப் பெயருக்குத் தட்டல் கொஞ்சம் வேகமானது. அவ்வளவுதான்.

பிறகு பாப்பா திரும்பி, "கூப்பிட்டியாம்மா?" என்றாள், தூங்கி எழுந்தவள் மாதிரி. கழற்றச் சொன்னபோது எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்துத் தருகிறேன், பெரிதாக்கித் தருகிறேன், நாளைக்கு ஆபீஸுக்குக் கறையோடு போவாயா என்றெல்லாம் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வாங்கும்போது டேப்பக்காவுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அவ்வளவு கனம். லைனிங் சூடாக இருந்தது, அது பாப்பாவின் உடம்புச் சூடு என்று அவள் தன்னையே நம்பவைத்துக்கொண்டாள்.

தெரு காலியாக இருந்தது. ஞாயிறு என்பதால் மருந்துக்கடை தவிர எல்லாம் அடைத்திருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேசையில் கோட்டைக் கிடத்தினாள். கிடத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற துணி மாதிரி அது தட்டையாக விழவில்லை. நெஞ்சுப் பக்கம் லேசாக மேடிட்டு, கைகள் இரண்டும் மேசை விளிம்பில் மடங்கி, அது படுத்துக்கொண்டது.

தேய்ப்பு மேசையில் திண்டு இருந்தது. அதைப் பிரித்தால் நாலு துண்டும் கிடைக்கும். ஒட்டுப் போட்டுத் தைத்துக் கோட்டை மறுபடி முப்பத்தாறாக்கிவிடலாம். வெட்டியவளே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். இடம் கேட்டவளுக்கு இடம். அவள் கை திண்டு வரைக்கும் போனது. நூலைக்கூடப் பிடித்துவிட்டாள். ஆனால் அப்புறமும் இது என் பெண்ணின் தோளில்தானே ஏறும்? பாப்பாவின் கையை எடுத்து அந்தப் பொம்பளை தட்டிக்கொண்டிருப்பாளா? எவளோ ஒருத்திக்கு என் பிள்ளை மேல் என்ன பங்கு? பயத்தை மீறி அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்றவள் ஆத்திரம். திண்டை விட்டுவிட்டுத் தையல் பிரிக்கிற ஊசிக்கத்தியை எடுத்தாள்.

"போதும். இது என் குழந்தை," என்று சத்தமாகவே சொன்னாள்.

இடது கையிலிருந்து தொடங்கினாள். தையல் ஒவ்வொன்றாக அறுபட்டது. டிக். டிக். டிக். அறைக்குள் பால் வாசனை ஏறியது. முதலில் மூக்கில், பிறகு தொண்டையில். கோட்டின் கை கழன்று தனியாக வந்தபோது லைனிங்குக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டது. யாரோ வாயைத் திறந்து மூடிய மாதிரி. அவள் நிறுத்தவில்லை. வலது கை. கழுத்துப்பட்டி. டிக். டிக். பக்கத் தையலுக்கு வந்தாள். அவளே போட்ட தையல். பழைய துளைகளில் இறங்கிய தையல். கத்தியை வைத்ததும் மேசை அதிர்ந்தது.

தட், தட், தட்.

கை நின்றது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

தட், தட், தட்.

தூங்க வைக்கிற தட்டு அது. கோபமில்லாத தட்டு. அதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தியை ஓட்டினாள். முன்பக்கம் வந்தது. பின்பக்கம் வந்தது. தோள். லைனிங். கடைசித் தையல் அறுந்தபோது தட்டல் பாதியில் நின்றது. இரண்டு தட்டோடு. மூன்றாவது வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

வெறும் துணி. அவள் ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். லேசு. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கினாள். லேசு, அவ்வளவு லேசு. அந்தக் கனம் எந்தத் துண்டிலும் இல்லை. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். துண்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, வழியில் கண்ட குப்பைத் தொட்டிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயில்கூட அவளுக்கு இதமாக இருந்தது.

பாப்பா சமையலறையில் நின்றிருந்தாள். பழைய பனியன், தொளதொள பேண்ட், தலையில் துண்டு. குளித்து முடித்த முகம் பளிச்சென்று இருந்தது. ஒரு கையில் டீ கோப்பை, மறு கையில் போன்.

"கோட்டு எங்கம்மா?"

"பாழாப் போச்சுடி. தண்ணியில போட்டதும் பிஞ்சு போச்சு. அம்மா வேற வாங்கித் தரேன்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். பாப்பா தோளைக் குலுக்கினாள்.

"போனா போகட்டும். எனக்கே வேணாம்னு ஆயிடுச்சு. உள்ள ரொம்ப நெருக்கமா இருந்துச்சும்மா." டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "பதினோரு மணி வாக்குல என்னவோ போல இருந்துச்சு. உடம்பெல்லாம் சில்லுன்னு தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. இப்ப குளிரே இல்ல. நல்லா கதகதப்பா இருக்கு."

டேப்பக்காவுக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன, மனசில் விழவில்லை. என் பிள்ளை என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. இரண்டே எட்டில் போய்ப் பாப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ, டீ கொட்டிடும்மா!" என்று சிரித்தபடி பாப்பா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தூக்கிக்கொண்டாள்.

மகளைக் கட்டிக்கொள்ளும் அளவு டேப்பக்காவின் கைகளுக்குத் தெரியும். பாப்பாவின் முதுகைச் சுற்றி வந்தால் இந்தக் கை அந்த முழங்கையைத் தொடும். அதற்கு டேப் தேவையில்லை. இன்று கைகள் சுற்றி வந்தன. முழங்கை எட்டவில்லை. மணிக்கட்டு எட்டவில்லை. விரல் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. மெல்லிய பனியனுக்குள் மகளின் முதுகு மூச்சை விட்டது. விட்டபோது நிறைந்தது.

பால் வாசனை.

"என்னம்மா, குழந்தை மாதிரி அழறே?"

டேப்பக்கா தலையைத் திருப்பினாள். இடது பக்கம் பாப்பாவின் கை, கோப்பையோடு. வலது பக்கம் திருப்பினாள். பாப்பாவின் கை, போனோடு.

இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரே இருந்தன.

அவளுடைய முதுகை யாரோ தட்டிக்கொடுத்தார்கள். மெதுவாக, தூங்க வைக்கிற மாதிரி. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு.